வால்தம்ஸ்டோவில் ஒரு மஞ்சள் விளக்கு

லண்டன் பாதாள ரயிலின் விக்டோரியா லைன் வடக்கே போய் முடியும் இடம் வால்தம்ஸ்டோ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் ஹோ ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் ஹை ஸ்ட்ரீட் சந்தை. 1885இல் தொடங்கிய சந்தை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். ஐரோப்பாவிலேயே நீளமான தெருச் சந்தை இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெண்டைக்காய், முருங்கைக்காய், பச்சை மிளகாய், மாம்பழ சீசனில் பெட்டி பெட்டியாக மாம்பழம். கற்பக விநாயகர் கோயிலும் இங்கே இருப்பதால் நம் ஆட்களுக்கு இது பழகிய ஊர்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் வில்லியம் மோரிஸ் கேலரிக்குப் போவார்கள், 2017இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வெட்லாண்ட்ஸ் ஏரிக்கரையில் நடப்பார்கள். இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு, அது மோட்டார் வண்டியின் கதை. அதை எனக்குத் தெரிந்த ஒரு பிக்கப் வண்டியோடு சேர்த்துச் சொல்கிறேன். அந்த வண்டியில் எரிந்துகொண்டே இருந்த ஒரு மஞ்சள் விளக்கு உங்கள் வீட்டு வண்டியிலும் ஒருநாள் எரியலாம்.

பழைய கதையை முதலில் பார்த்துவிடலாம். 1892இல் ஃப்ரெடெரிக் பிரெமர் என்ற இருபது வயது இளைஞர், எரிவாயுக் குழாய் வேலை தெரிந்தவர், வால்தம்ஸ்டோ கனாட் ரோட்டில் தன் வீட்டுப் பட்டறையில் ஒரு காரைக் கட்ட ஆரம்பித்தார். 1894இல் அது ஓடியது. பிரிட்டனில் கட்டப்பட்ட முதல் பெட்ரோல் கார் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் காரை அவரே பின்னாளில் வெஸ்ட்ரி ஹவுஸ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். மியூசியம் வால்தம்ஸ்டோ வில்லேஜில் இருக்கிறது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அவர் பெயரில் இங்கே ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது.

அதற்கடுத்து 1910இல் பிளாக்ஹார்ஸ் லேன் பக்கம் இருந்த தொழிற்சாலையில் லண்டனின் புகழ்பெற்ற 'பி டைப்' பஸ்ஸைக் கட்டினார்கள். குதிரை பஸ்களை லண்டன் தெருக்களிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதில் அந்த பஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போரில் சுமார் 900 பஸ்கள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போர்முனைக்கே போயின. 1927இல் ஏ.இ.சி. கம்பெனி சவுத்தாலுக்கு இடம் மாறியது.

இப்படி மோட்டாரைப் பெற்று வளர்த்த ஊர்தான், மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி நில் என்று சொன்ன முதல் ஊர்களில் ஒன்றாகவும் ஆனது. 2014இல் 'மினி ஹாலந்து' திட்டத்துக்குத் தேர்வான மூன்று லண்டன் பரோக்களில் வால்தம் ஃபாரஸ்ட்டும் ஒன்று. அதற்கப்புறம் தெருமுனைகளில் செடித்தொட்டியும் கம்பமும் வந்தன. வில்லேஜில் ஆர்ஃபர்ட் ரோட்டில் காலை 10 முதல் இரவு 10 வரை கார் போக முடியாது. 2021 அக்டோபர் 25 அன்று யூலெஸ் எல்லை நார்த் சர்குலர் சாலை வரைக்கும் விரிந்தபோது, வால்தம்ஸ்டோ உள்ளே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ்தான். தகுதியில்லாத வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் வண்டி யூரோ 4 ஆக இருந்தால் போதும், டீசல் யூரோ 6 ஆக இருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் பெரியம்மா மகன் வருகிறார். அண்ணன் வார நாட்களில் ஒரு வேர்ஹவுஸில் வேலை, சனி ஞாயிறில் கேட்டரிங். பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், கோயில் உபயம் என்று ஆர்டர் வரும். அண்டாவும் அடுப்பும் ஏற்ற ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தார். யூலெஸ் வந்ததும் அதை விற்றுவிட்டு ஒரு சின்ன பெட்ரோல் பிக்கப் வாங்கினார். இந்த நாட்டில் பிக்கப் என்றாலே டீசல்தான், பெட்ரோலில் கிடைப்பது அபூர்வம். அலைந்து பிடித்தார். வயசான வண்டி, ஆனால் யூரோ 4.

ஒன்றரை வருஷம் ஓடியதும் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்தது. பக்கத்தில் ஒரு கராஜில் காட்டினார். கோட் பி0420. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். 380 பவுண்டுக்கு மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. ஆறு வாரத்தில் திரும்பவும் அதே விளக்கு, அதே கோட். "போட்டது மலிவு சாமான், ஒரிஜினல் போடலாம், 1,100 ஆகும்" என்று அடுத்த கணக்கு வந்தது. எம்.ஓ.டி. சோதனைக்கு மூணு வாரம் இருந்தது. அந்த விளக்கு எரிந்தால் எம்.ஓ.டி. கிடைக்காது. 2018 மே மாதத்திலிருந்து, 2003 ஜூலைக்குப் பின் ரோட்டுக்கு வந்த பெட்ரோல் வண்டிகளில் அது 'மேஜர்' குறை. எம்.ஓ.டி. இல்லாவிட்டால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் அந்த மாதம் பிடித்திருந்த நாலு ஆர்டரும் இல்லை.

அண்ணன் எனக்கு போன் செய்து, "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, இந்தக் கோட் என்னதான் சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுடா" என்றார்.

கோட் என்ன சொல்கிறது என்று புரிய, கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வண்டிக்கு அடியில், புகைக்குழாயில் ஒரு டப்பா இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஓட்டைகள் கொண்ட பீங்கான் கட்டி. அந்த ஓட்டைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிசாகப் பூசியிருக்கும். புகை அதன் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல் ஆவி தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகின்றன. பூச்சில் சீரியம் ஆக்சைடும் கலந்திருக்கும். அது ஆக்சிஜன் அதிகம் வரும்போது பிடித்து வைத்துக்கொண்டு, குறையும்போது கொடுக்கும். நம் வீட்டு மேல்தொட்டித் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமானைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்த தொழிற்சாலைகளில் ஒன்றும் இந்தப் பக்கத்தில்தான். ஜான்சன் மாத்தி கம்பெனி 1974இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ராய்ஸ்டனில் அதைத் திறந்தது. நம் ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை, டெல்லி, மும்பை, கல்கத்தா நாலு நகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. ஈயம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும்.

சரி, இன்ஜின் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டருக்கு உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா? முடியாது. முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், அவ்வளவுதான். முன் சென்சாரின் வோல்ட்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக ஆக்சிஜனைப் பிடித்துக் கொடுத்தால், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், "எதிர்பார்த்த அளவு வேலை நடக்கவில்லை" என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். அதுதான் பி0420.

கவனியுங்கள், கோட் சொல்வது ஒரு சோதனையின் முடிவை. எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லவில்லை. என் வேலையில் சர்வர் தாமதமாகப் பதில் சொல்கிறது என்று ஒரு அலாரம் வரும். அதைப் பார்த்து யாரும் உடனே சர்வரைக் கழற்றி மாற்றுவதில்லை. அதே நேரத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று பதிவுகளைப் பார்ப்போம். வண்டியிலும் அந்தப் பதிவு இருக்கிறது. கோட் விழுந்த நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்தது என்று ஒரு போட்டோ மாதிரி சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும்.

அழித்த கோட் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. கோடை அழித்ததும் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். கன்வெர்ட்டர் சோதனை நடக்க இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பல வண்டிகளில் இரண்டு பயணத்தில் தொடர்ந்து தோற்றால்தான் விளக்கு எரியும். ஹோ ஸ்ட்ரீட்டில் சந்தைக்கும் வீட்டுக்கும் நின்று நின்று போகிற வண்டியில் அந்தச் சோதனை நாள்கணக்கில் நடக்காமலே இருக்கலாம். பிறகு ஒருநாள் எம்11இல் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு ஆர்டருக்குப் போய்விட்டு வந்தால் விளக்கு எரியும். சரியானது மாதிரி இருந்த நாட்களில் யாரும் கேள்வியே கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இருபது பவுண்டுக்கு ஒரு ஓ.பி.டி. ரீடர் வாங்கி, போனில் இணைத்து, அண்ணன் வண்டியைப் பார்த்தேன். கோடோடு சேர்ந்து இன்னொரு எண்ணும் இருந்தது. நீண்டகால எரிபொருள் திருத்தம் என்று ஒன்று. கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது அது. பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இந்த வண்டி நிற்கும்போது 14 சதவீதம் கூட்டியது, ரோட்டில் ஓடும்போது 5 சதவீதம். அப்படியென்றால் எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே வருகிறது. வேகம் கூடக்கூட அதன் பங்கு குறைகிறது. எங்கே என்று போன் சொல்லாது.

அதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். அண்ணனின் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லி, ஒரு தொழிற்பேட்டைச் சந்தில் தனியாகக் கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் போனோம். அறுபதை நெருங்கியவர். கிராஃபைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நாளைக்குக் காலமை வண்டியை இஞ்சை கொண்டுவந்து விடுங்கோ. நான் வாறதுக்கு முன்னம் ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. குளிர்ந்த வண்டிதான் உண்மை பேசும்."

மறுநாள் காலையில் அவரே சாவியைத் திருப்பினார். பானெட்டைத் திறந்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இன்ஜினைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, குழாயை என் காதில் வைத்தார். டிக் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் இன்ஜின் சூடானதும் அது தேய்ந்து போனது.

"கேட்டீரோ? மேனிஃபோல்டிலை ஒரு ஸ்டட் முறிஞ்சிருக்கு. கேஸ்கட் ஊதுது. சூடாகினால் இரும்பு விரிஞ்சு சத்தம் குறையும், ஆனா ஊதுறது முழுசா நிக்காது."

பிறகு புகை செலுத்திப் பார்க்கும் மெஷினையும் போட்டு உறுதி செய்தார். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் முதல் இடத்தில், முன் சென்சாருக்கும் முன்னால் ஓட்டை. புகை துடிப்பு துடிப்பாக வெளியேறும்போது நடு நடுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூடுதல் பெட்ரோலும் இழுத்த காற்றும் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேர்ந்து எரிந்து, அதை வேண்டிய அளவுக்கு மேல் சூடாக்குகின்றன. முதல் கன்வெர்ட்டர் இப்படித்தான் செத்திருக்கும் என்றார். இரண்டாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. அது மலிவு சாமான் என்பதால் வேகமாகவே போயிருக்கும். பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் விலை அப்படி. 2021இல் ரோடியம் தங்கத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது. அந்த நாட்களில் லண்டன் தெருக்களில் ஹைபிரிட் கார்களின் அடியில் புகுந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போனார்கள். மலிவாகத் தருபவர்கள் பூச்சைக் குறைத்துத்தான் தர முடியும்.

"இதெல்லாம் எங்க அண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கொக்குவிலிலை. தொண்ணூறுகளிலை எங்களுக்குப் பெற்றோல் ஏது தம்பி? பொருளாதாரத் தடை. ஒரு சின்னப் போத்தலிலை கொஞ்சம் பெற்றோல் வச்சிருப்பம். காபுரேட்டருக்குள்ளை ரெண்டு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணிப் போட்டு, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடுவம். மொரிஸ் மைனர், ஏ40, எல்லாம் அப்பிடித்தான் ஓடினது. ஸ்கேனரும் இல்லை, சாமானும் இல்லை. காதும் மூக்கும்தான். மாத்த ஒண்டும் இல்லாட்டி, என்ன பிழை எண்டு வடிவாக் கண்டுபிடிச்சே ஆகோணும்."

மாற்றச் சாமான் இல்லாத ஊரில் கற்றவர், சாமானை மாற்றித் தள்ளுவதே வழக்கமான ஊரில் கடை வைத்திருக்கிறார். அண்ணன் அப்போதும் அவசரத்தில் இருந்தார். பின் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் போட்டுவிட்டால் விளக்கு எரியாது, பதினைந்து பவுண்டுதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஸ்பேசர் சென்சாரைப் புகையிலிருந்து கொஞ்சம் தூரமாக நிறுத்தும். கன்வெர்ட்டர் கெட்டிருந்தாலும் கோடு நேராகத் தெரியும்.

"செய்யலாம். நான் செய்யமாட்டன்," என்றார் அவர். "விளக்கு எரியாது, ஆனா வண்டி பெற்றோல் கூடக் குடிச்சுக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் உருகி அடைச்சால் இன்ஜினும் போகும். அதை விடுங்கோ. உங்கடை வண்டி காலமை எந்த ரோட்டாலை போகுது? பள்ளிக்கூடப் பிள்ளையள் நடக்கிற ரோட்டாலைதானே?"

அண்ணன் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய இரண்டாவது மகள் இன்ஹேலர் வைத்திருக்கிறாள்.

முறிந்த ஸ்டட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. துருப்பிடித்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு முழு நாள் எடுத்தது. புது ஸ்டட்டுகள், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 260 பவுண்டு. கன்வெர்ட்டரை மாற்றவில்லை. கோடை அழித்துவிட்டு எம்11இல் ஸ்டான்ஸ்டட் வரைக்கும் போய்த் திரும்பினோம். எரிபொருள் திருத்தம் 2 சதவீதத்துக்கு வந்திருந்தது. பின் சென்சாரின் கோடு முழுக்க நேராக இல்லை, லேசாக நெளிந்தது. ஆனால் சோதனை நடந்து முடிந்தது, கோட் வரவில்லை. "கொஞ்சம் அடிபட்டிருக்கு. ஒரு ரெண்டு வருசம் ஓடும். பிறகு மாத்துவம்," என்றார் அண்ணை.

எம்.ஓ.டி.யில் கார்பன் மோனாக்சைடு ஃபாஸ்ட் ஐடிலில் 0.2 சதவீதத்துக்குள், லாம்ப்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தது. நாலு ஆர்டரும் போய்ச் சேர்ந்தன.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. இந்த ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் யூலெஸ் கேமரா பார்க்கிறது. ஆனால் அது பார்ப்பது நம்பர் பிளேட்டை மட்டும்தான். பிளேட் யூரோ 4 என்று சொன்னால் விட்டுவிடும். அந்த வண்டியின் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. மழை நாளில் செடித்தொட்டியைத் தாண்டிப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளை சுவாசிக்கும் காற்று, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் எம்.ஓ.டி.யையும், மீதி 364 நாள் அந்த மஞ்சள் விளக்கை நாம் என்ன செய்கிறோம் என்பதையும் நம்பித்தான் இருக்கிறது.

உங்கள் வண்டியில் பி0420 வந்தால், அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் திருத்தம் எவ்வளவு என்று பாருங்கள், பத்துக்கு மேல் போனால் கன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். இன்ஜின் மிஸ் அடிக்கிறதா, ஆயில் குறைகிறதா என்பதும் முக்கியம். இரண்டுமே கன்வெர்ட்டரைக் கொல்லும். கராஜில் "மாத்தணும்" என்றால், "முதல்ல இருந்தது ஏன் கெட்டுச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் வண்டி மாடலுக்கு ஒப்புதல் முத்திரை உள்ளதாகப் போடச் சொல்லுங்கள். எம்.ஓ.டி.யைக் கெடு தேதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்கூட்டியே செய்துகொள்ளலாம், அடுத்த வருஷத் தேதி மாறாது. அந்த ஒரு மாதம் கையில் இருந்தால் அவசரத்தில் யாரும் உங்கள் தலையில் எதையும் கட்ட முடியாது.

பழைய வண்டி வாங்குபவர்கள் அரசாங்க இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் அதன் எம்.ஓ.டி. வரலாறு முழுக்க இலவசமாகத் தெரியும். எந்த வருஷம் எதற்குத் தோற்றது, என்ன எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். அண்ணன் இப்போது ஒரு பெரிய வேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்.